யுகாத்தாவில் தொடங்கி கிமோனோ வரை: வாங்குவது, உடுத்துவது, பார்த்துக்கொள்வது

ஜப்பானியரின் பாரம்பரிய உடையான கிமோனோவைத் தரையில் விரித்துப் பார்த்தால் முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இடுப்பு வளைவு கிடையாது, தோள் சரிவு கிடையாது, பொத்தானோ கொக்கியோ எதுவும் கிடையாது. ஏறத்தாழ 36 முதல் 38 செ.மீ. அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள ஒரே துணிச்சுருளை நேர்கோட்டில் எட்டுத் துண்டுகளாக வெட்டித் தைத்திருப்பார்கள். அந்தச் சுருளுக்கு தான்மோனோ என்று பெயர். உடலுக்கு ஏற்றபடி துணியை வெட்டும் பழக்கமே இதில் இல்லை. உடுத்தும்போதுதான் அளவு அமைகிறது. புடவை கட்டிப் பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. கட்டத் தெரியாத கை கட்டினால் எப்படித் தொங்குமோ, இதுவும் அப்படியே தொங்கும்.

கோடைக்கான எளிய பருத்தி கிமோனோவுக்கு யுகாத்தா என்று பெயர். அதை நான் முதன்முதலில் உடுத்தியது ஒரு கோடைத் திருவிழா மாலையில். பக்கத்து வீட்டு அம்மா வந்து பத்து நிமிடத்தில் கட்டிவிட்டார். மறுநாள் நானே முயன்றபோது ஒன்றரை மணி நேரம் ஆனது, வாசலைத் தாண்டுவதற்குள் அவிழ்ந்தும் போனது. அதன்பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதில் தொடங்குவது

பட்டு கிமோனோவில் தொடங்காதீர்கள். அதற்கு உள்ளுடுப்பு, உள் கிமோனோ, ஐந்தாறு நாடாக்கள், ஓபி என்ற அகலமான இடுப்புப் பட்டை, அதைத் தாங்க ஒரு குட்டித் தலையணை என்று இருபதுக்குப் பக்கமாகச் சாமான்கள் வேண்டும். யுகாத்தாவுக்கு ஒரு உடுப்பு, ஒரு ஓபி, இரண்டு நாடா போதும். குளியலோடு தொடர்புடைய யுகாத்தாபிரா என்ற பழைய உடையின் பெயர் சுருங்கி யுகாத்தா ஆனது. பருத்தியில், உள்துணி இல்லாமல் தைப்பது. ஜூலை, ஆகஸ்டில் வாணவேடிக்கைக்கும், முன்னோரை நினைக்கும் ஓபோன் பண்டிகை நடனத்துக்கும் இளையவர்கள் இதைத்தான் உடுத்திக்கொண்டு போகிறார்கள்.

இங்கே ஒரு குழப்பம் வரும். ஜப்பானிய விடுதிகளில் அறைக்குள் மடித்து வைத்திருக்கும் யுகாத்தா வேறு வகை. அது இரவு உடை. அதோடு நகர வீதியில் இறங்கினால் லுங்கியோடு கல்யாணத்துக்குப் போன மாதிரிப் பார்ப்பார்கள். வெந்நீரூற்று ஊர்கள் மட்டும் விதிவிலக்கு. ஹியோகோ மாகாணத்தின் கினோசாகியில் விடுதி யுகாத்தாவும் மரக்கட்டைச் செருப்பும் போட்டுக்கொண்டு பொதுக் குளியலகங்களைச் சுற்றிவருவதுதான் ஊர் வழக்கமே.

ஒரே ஒரு நாள் படம் எடுக்கத்தான் ஆசை என்றால் கியோத்தோவிலோ தோக்கியோவின் அசாகுசாவிலோ வாடகைக்கு எடுங்கள். கட்டியும் விடுவார்கள், பையையும் வைத்துக்கொள்வார்கள். அதில் தவறே இல்லை. காலையில் முதல் ஆளாகப் போனால் நல்ல நிறங்கள் கிடைக்கும். ஆனால் கற்றுக்கொள்ள விரும்பினால் பழையது ஒன்றைச் சொந்தமாக வாங்குவதுதான் வழி.

வாங்கும்போது அளவு பார்ப்பது

பழைய கிமோனோக்கள் ஜப்பானில் நம்ப முடியாத விலைக்குக் கிடைக்கின்றன. கியோத்தோவில் தோஜி கோயிலில் மாதந்தோறும் 21ஆம் தேதியும், கித்தானோ தென்மாங்கு ஆலயத்தில் 25ஆம் தேதியும் சந்தை கூடும். குவித்துப் போட்டிருக்கும் துணிக்குள் கைவிட்டுத் தேட வேண்டியதுதான். இவ்வளவு மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன்.

பெண்களுக்கு மொத்த நீளம் உங்கள் உயரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். 5 செ.மீ. கூடக் குறைய இருந்தால் சமாளிக்கலாம். 158 செ.மீ. உயரம் என்றால் 153 முதல் 163 வரை தேடுங்கள். மிச்ச நீளம் இடுப்பில் மடிப்பாகப் போய்விடும். ஆண்களுக்கு அந்த மடிப்பு கிடையாது. உயரத்தில் 25 செ.மீ. போலக் கழித்தால் வருவதுதான் அவர்கள் நீளம். தவறினால் மறைக்க இடமில்லை என்பதால் ஆண்கள்தான் இன்னும் கவனமாக வாங்க வேண்டும்.

நீளத்தைவிட முக்கியம் யுகி. கையைப் பக்கவாட்டில் பாதி தூக்கி, பிடரி எலும்பிலிருந்து மணிக்கட்டு எலும்பு வரை அளப்பது. உடுப்பில் முதுகு நடுத்தையலிலிருந்து கை நுனி வரை அதே அளவு இருக்க வேண்டும். பழைய கிமோனோக்கள் சிறிய உடல்வாகுக்குத் தைத்தவை. நீளம் சரியாக இருக்கும், கை மட்டும் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிடும். நீளம் குறைந்தால் இடுப்பு மடிப்பை விட்டுவிட்டுச் சமாளிக்கலாம். கை குறைந்தால் பிரித்துத் தைத்தால்தான் உண்டு.

சில கடைகளில் செ.மீ. இருக்காது. ஷாக்கு, சுன், பு என்று எழுதியிருப்பார்கள். துணிக்குரிய ஷாக்கு ஏறத்தாழ 37.9 செ.மீ. அதில் பத்தில் ஒன்று சுன், அதில் பத்தில் ஒன்று பு. 1 ஷாக்கு 7 சுன் 4 பு என்றால் 1.74-ஐ 37.9 ஆல் பெருக்குங்கள், 66 செ.மீ. வரும். 1 ஷாக்கு 6 சுன் 5 பு என்றால் 62.5தான். மரவேலைக்கான ஷாக்கு வேறு, அது 30.3 செ.மீ. கைப்பேசியில் தேடும்போது பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அளவு சரி என்றால் கழுத்துப்பட்டையைப் பாருங்கள், அழுக்கும் பவுடர் கறையும் முதலில் அங்கேதான் சேரும். உள்துணியின் வெள்ளை மஞ்சளாகியிருக்கிறதா பாருங்கள். பின்புறத் தையலை இரண்டு கையாலும் லேசாக இழுத்துப் பாருங்கள், நூல் இற்றிருந்தால் உட்காரும்போது கிழியும். பூச்சிமருந்து வாசனையைக் காற்றில் உலர்த்திப் போக்கலாம், பூஞ்சை வாசனை போகவே போகாது.

கோடுபோட்ட பருத்தித் துணி கண்ணில் பட்டால் கடைக்காரரிடம் சான்தோமே என்று சொல்லிப் பாருங்கள். எடோ காலத்தில் (1603–1868) சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன கோட்டுத் துணிக்கு ஜப்பானில் சான்தோமே-ஜிமா என்று பெயர். மயிலாப்பூரை ஒட்டி போர்த்துகீசியர் குடியிருந்த சாவோ தோமே, அதாவது நம் சாந்தோம்தான் அந்தப் பெயரில் இருக்கிறது. பிறகு ஜப்பானிய நெசவாளர்களே அதே கோடுகளை நெய்யத் தொடங்கினார்கள், பெயரை மாற்றவில்லை.

யுகாத்தா உடுத்துவது

ஒரு பெரிய கண்ணாடி வேண்டும். தேவையானதெல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒரு கையில் மடிப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் நாடாவைத் தேடும் அவஸ்தை எனக்குப் பழக்கம். கீழே சொல்வது பெண்களுக்கான முறை.

முதலில் மெல்லிய பருத்தி உள்ளாடை. இடுப்பு ஒடுங்கியிருந்தால் ஒரு துண்டை மடித்துச் சுற்றிக் கட்டுங்கள். கிமோனோவுக்கு உடல் உருளையாக இருப்பதுதான் அழகு. இடுப்புப் பள்ளத்தில் ஓபி சுருங்கிக் கசங்கும். இந்த விஷயத்தில் நாம் பழகிய அழகுக்கணக்கு அப்படியே தலைகீழ்.

இரண்டாவது, கைகளை நுழைத்து, கழுத்துப்பட்டையின் இரு நுனிகளையும் முகத்துக்கு நேரே சேர்த்துப் பிடியுங்கள். முதுகுத் தையல் நடுவில் வந்துவிட்டதா என்று பாருங்கள். இது ஒரு விரல் விலகினால் கடைசிவரை எல்லாமே விலகும்.

மூன்றாவது, துணியைத் தூக்கி, கீழ்விளிம்பு கணுக்காலைத் தொடும் உயரத்தில் நிறுத்துங்கள். அந்த உயரம் மாறாமல் முதலில் இடப்பக்கத்தை வலது இடுப்பு எலும்பு வரை கொண்டுபோய் அகலம் பாருங்கள், இது வெறும் ஒத்திகைதான். திரும்பத் திறந்து, வலப்பக்கத்தை இடதுபுறமாக உள்ளே சுற்றி, அதன் கீழ்முனையை ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவாக உயர்த்துங்கள். அதன்மேல் இடப்பக்கம். அதன் முனையையும் இரண்டு விரல் அளவு உயர்த்தினால் கீழே போகப் போக ஒடுங்கும் வடிவம் வரும்.

இடது மேலே என்பதில் சமரசம் கிடையாது. வலது மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை. எல்லோரும் வலப்பக்கத்தை உள்ளே வைத்து உடுத்த வேண்டும் என்று 719ஆம் ஆண்டிலேயே அரசாணை வந்திருக்கிறது. சரியாக இருக்கிறதா என்று அறிய எளிய வழி, வலது கையை நெஞ்சுப்பகுதி மடிப்புக்குள் நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் போனால் சரி. செல்ஃபியில் சில கைப்பேசிகள் படத்தை இடவலமாகத் திருப்பிவிடும். படம் போட்டதும் யாராவது பதறினால் அதைச் சொல்லிக்கொள்ளலாம்.

நான்காவது, முதல் நாடா. பெயர் கோஷிஹிமோ. இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, வயிற்றுக்குக் குறுக்கே வைத்துப் பின்னால் கொண்டுபோய் மாற்றி முன்னால் கட்டுங்கள். மொத்த உடையும் இந்த ஒரே நாடாவில்தான் நிற்கிறது, உள்பாவாடை நாடா மாதிரி. இறுக்கவேண்டிய நாடா இது ஒன்றுதான். மற்றவையெல்லாம் பிடித்துக்கொண்டால் போதும். புதியவர்கள் நேர்மாறாகச் செய்வார்கள், இடுப்பில் தளர்த்தி நெஞ்சில் இறுக்குவார்கள். விடுவதற்கு மூச்சும் இருக்காது, உடையும் நிற்காது.

ஐந்தாவது, அக்குளுக்குக் கீழே தைக்காமல் விட்ட திறப்பு இருக்கும். ஆண்கள் உடையில் இல்லாத அது இங்கேதான் உதவும். இரு பக்கமும் கையை நுழைத்து, நாடாவுக்கு மேலே பொதிந்து நிற்கும் துணியை முன்னும் பின்னும் கீழே தட்டிவிடுங்கள். ஓபிக்குக் கீழே ஒரு பட்டையாகத் தெரியப்போகும் இந்த மடிப்புக்குப் பெயர் ஒஹாஷோரி.

ஆறாவது கழுத்து. பின்புறம் பட்டையை இழுத்து, பிடரிக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு கைமுட்டி நுழையும் இடைவெளி விடுங்கள். முன்னால் தொண்டைக்குழியில் இரு பக்கமும் சந்திக்கட்டும். இரண்டாவது நாடாவை மார்புக்குக் கீழே லேசாகக் கட்டி, முதுகுச் சுருக்கங்களைப் பக்கவாட்டில் இழுத்துவிடுங்கள். தாதேஜிமே என்ற அகலப் பட்டை இருந்தால் இதன்மேல் சுற்றலாம்.

ஓபி

யுகாத்தாவுக்கு ஹன்ஹாபா, அதாவது பாதி அகல ஓபி. 15 முதல் 17 செ.மீ. அகலமும் நான்கு மீட்டருக்குப் பக்கமாக நீளமும் இருக்கும். இதில் புன்கோ என்ற முடிச்சைக் கற்றுக்கொண்டால் பல வருடத்துக்குப் போதும்.

ஒரு நுனியில் 50 செ.மீ. அளவைப் பாதியாக மடித்து இடது தோளில் போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பகுதிக்குக் ‘கை’ என்று பெயர். மீதியை உடம்பில் இரண்டு சுற்று சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் மூச்சை வெளியே விட்டு, ஓபியின் கீழ்விளிம்பைப் பிடித்து இறுக்குங்கள். மேல்விளிம்பை இழுத்தால் வயிறு அழுந்தும், அரை மணியில் கழற்றத் தோன்றும். சுற்றி முடித்ததும் கையை மேலே வைத்து ஒரு முடிச்சு. தொங்கும் நீள நுனியைத் தோள் அகலத்துக்கு மடித்து மடித்துச் சேர்த்து, நடுவில் கொசுவம் பிடித்துச் சிறகாக்குங்கள். கையை அதன்மேல் இறக்கி இரண்டு சுற்று சுற்றி, மீதியை ஓபிக்குள் செருகுங்கள்.

இதெல்லாம் முன்பக்கமே செய்துவிட்டு, பிறகு முடிச்சைப் பின்னால் திருப்ப வேண்டும். உங்கள் வலப்பக்கமாகத்தான் திருப்ப வேண்டும். இடப்பக்கமாகத் திருப்பினால் இவ்வளவு நேரம் பட்ட பாடெல்லாம் போய் நெஞ்சுப்பகுதி பிளந்துகொள்ளும். திருப்பிய பிறகு ஓபியின் இரு சுற்றுகளுக்கு நடுவே முன்பக்கம் ஒரு மெல்லிய அட்டையைச் செருகினால் சுருக்கம் விழாது. ஓபி-இத்தா என்று கடையில் கிடைக்கும். நான் முதல் வருடம் பழைய நாட்காட்டியின் பின்னட்டையை வைத்துச் சமாளித்தேன்.

ஆண்களுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. துணியைத் தூக்க வேண்டாம், கழுத்தைப் பின்னால் இழுக்க வேண்டாம். ஏறத்தாழ ஒரு விரல் நீளமே அகலம் உள்ள ஒடுக்கமான, விறைப்பான ஓபியைத் தொப்பைக்குக் கீழே, இடுப்பெலும்பில் கட்டினால் போதும். தொப்பை இருப்பவர்களுக்குத்தான் இது நன்றாக நிற்கும். ஆண்கள் மனம்விட்டுச் சிரிக்கக்கூடிய ஒரே உடை.

அடுத்து கிமோனோ

யுகாத்தா கையில் வந்தபின் கிமோனோவுக்கு அதிகமாகத் தேவைப்படுவது உள் கிமோனோவான நாகாஜுபான். வெளியே தெரியும் வெள்ளைக் கழுத்துப்பட்டை அதனுடையதுதான். அதைக் கழற்றித் துவைத்துத் திரும்பத் தைப்பார்கள். அப்புறம் பெருவிரல் தனியாகப் பிரிந்த தாபி காலுறை, ஸோரி செருப்பு. கீழ்விளிம்பு கணுக்காலில் நிற்காமல் பாதத்தின் மேல் படிய வேண்டும். ஓபியும் அகலமாகும். பெண்கள் முதுகில் பெட்டி மாதிரித் தெரியும் ஒதாய்க்கோ முடிச்சைக் காமேய்தோ ஆலயத்தின் வளைந்த தாய்க்கோ பாலத்தைத் திறந்தபோது எடோவின் (இன்றைய தோக்கியோ) கெய்ஷாக்கள் தொடங்கிவைத்தார்கள் என்று கதை சொல்வார்கள்.

எங்கே எதை உடுத்துவது என்பதுதான் ஆளைப் பயமுறுத்தும் பகுதி. உண்மையில் புரிந்துகொள்ள ஒரு சாவி உண்டு: விலையைப் பார்க்காதீர்கள், எங்கே வண்ணம் ஏறியது என்று பாருங்கள். நூலுக்கே சாயமேற்றி நெய்த ட்சுமுகி போன்றவை எவ்வளவு விலையானாலும் சாதாரண நாளுக்கு. அமாமி தீவின் ஒஷிமா ட்சுமுகி ஒரு காரின் விலைக்குக்கூடப் போகும், ஆனாலும் அதை உடுத்திக் கல்யாணத்துக்குப் போகமாட்டார்கள். வெள்ளையாக நெய்து பிறகு சாயமிட்டவை மேல்படி. அதிலும் சிறு பூக்கள் உடல் முழுக்கச் சிதறியிருந்தால் கோமோன், நண்பர்களோடு சாப்பிடப் போகலாம். ஒரே நிறமாக இருந்தால் இரோமுஜி, குலச்சின்னம் ஒன்று இருந்தால் தேநீர்ச் சடங்குக்கும் பொருந்தும். தோளிலிருந்து விளிம்பு வரை சித்திரம் தையலைத் தாண்டி ஓடினால் ஹோமோங்கி, விருந்துக்கு. திருமணமான பெண் நெருங்கிய உறவினர் கல்யாணத்தில் உடுத்துவது ஐந்து சின்னங்களோடு கறுப்புத் தோமேசோதே. திருமணமாகாத பெண் உடுத்தும், கைகள் நீளமாகத் தொங்கும் கிமோனோவுக்குப் பெயர் ஃபுரிசோதே. ஜனவரி இரண்டாம் திங்கட்கிழமை, வயதுக்கு வந்தோர் நாளில், ஊர் முழுக்கத் தெரிவது இதுதான். சட்டப்படியான வயது 2022 ஏப்ரலில் 18 ஆகிவிட்டாலும் பெரும்பாலான ஊர்களில் விழா இன்னும் இருபது வயதுக்காரர்களுக்குத்தான்.

பருவக்கணக்கும் உண்டு. அக்டோபர் முதல் மே வரை உள்துணி வைத்தது, ஜூன், செப்டம்பரில் உள்துணி இல்லாதது, ஜூலை, ஆகஸ்டில் ரோ என்ற சல்லடைப் பட்டு. இப்போதைய வெயிலுக்கு மே மாதத்திலேயே உள்துணி இல்லாமல் உடுத்துகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நானும் அவர்கள் கட்சி.

தினமும் உடுத்திய ஒன்று எப்படி விழா உடையாகச் சுருங்கியது? 1871, 72இல் மெய்ஜி அரசு அரண்மனைக்கும் அலுவலுக்கும் மேற்கத்திய உடையைக் கொண்டுவந்தது. ஆண்கள் முதலில் மாறினார்கள், பெண்கள் வீட்டில் நெடுங்காலம் கிமோனோவிலேயே இருந்தார்கள். 1940 ஜூலையில் ஆடம்பரப் பொருள்களுக்குப் போர்க்காலத் தடை வந்தது. போருக்குப்பின் வந்த தலைமுறைக்குத் தாயிடமிருந்து உடுத்தும் வித்தை இறங்கவில்லை. அந்த இடத்தில்தான் உடுத்தக் கற்றுத்தரும் பள்ளிகள் வந்தன, விதிகளும் அவற்றோடு இறுகின. பொருளாதாரம் செழித்த காலத்தில் மகள் கல்யாணத்துக்கென்று பெட்டி நிறைய வாங்கி வைத்தார்கள். அந்தப் பெட்டிகள்தான் இப்போது திறந்து சந்தைக்கு வருகின்றன. பாதிக்குமேல் ஒருமுறைகூட உடுத்தாதவை போல இருக்கும், தையலில் குத்திய வெள்ளை நூல்கூடப் பிரிக்காமல்.

வெளிநாட்டவர் உடுத்தலாமா

தாராளமாக. பேருந்தில் முன்பின் தெரியாத பாட்டி எழுந்து வந்து என் ஓபியை இழுத்துச் சரிசெய்துவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்திருக்கிறார். இப்படிக் கேட்காமல் திருத்துகிறவர்களைக் கிண்டலாகக் கிமோனோ போலீஸ் என்பார்கள், ஜப்பானிய இளைஞர்களுக்கே அவர்களிடம் பயம் உண்டு. 2019இல் அமெரிக்கப் பிரபலம் கிம் கர்தாஷியன் தன் உள்ளாடைகளுக்கு கிமோனோ என்று பெயர் வைக்கப் போனபோது அப்போதைய கியோத்தோ மேயர் காதோகாவா தாய்சாகு மறுபரிசீலனை கேட்டுக் கடிதம் எழுதினார், பெயரும் மாறியது. அந்தச் சர்ச்சையே பெயரை ஒருவர் உரிமையாக்கிக்கொள்வதைப் பற்றியது. யார் உடுத்துவது என்பது அங்கே கேள்வியே இல்லை.

உடுத்திக்கொண்டு வெளியே

நடை குறுகட்டும், பாதங்கள் சற்றே உள்நோக்கியிருக்கட்டும். படியேறும்போது வலது கையால் முன்மடிப்பை லேசாகத் தூக்குங்கள். ரயிலில் கைப்பிடியைப் பிடிக்கும்போது இன்னொரு கையால் உடையின் தொங்கும் கை வாயைப் பிடித்துக்கொள்ளுங்கள். இருக்கையில் சாயாமல் உட்காருங்கள், முடிச்சு நசுங்கும். தேநீர்ச் சடங்குக்குப் போனால் மோதிரமும் கடிகாரமும் வேண்டாம், கிண்ணத்தில் கீறல் விழும்.

கழிப்பறையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, எல்லோரும் கேட்பது அதைத்தான். உடையின் கைத்தொங்கல்களை முதலில் ஓபிக்குள் செருகுங்கள். பிறகு கிமோனோ, உள் கிமோனோ, உள்பாவாடை என்று வெளியிலிருந்து ஒவ்வொரு அடுக்காக இரு பக்கமும் தூக்கி மடித்துச் செருகுங்கள். இறக்கும்போது உள்ளேயிருந்து வெளியே. முடிந்ததும் பின்னால் ஒஹாஷோரி சிக்கியிருக்கிறதா என்று கண்ணாடியில் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

திரும்பி வந்தபின்

வந்ததும் மடிக்காதீர்கள். உடம்புச் சூடும் ஈரமும் போக, வெயில் படாத இடத்தில் ஒரு இரவு தொங்கட்டும். பருத்தி யுகாத்தாவை மடித்து வலைப்பையில் போட்டு இயந்திரத்தில் துவைக்கலாம், உலர்த்தி இயந்திரம் மட்டும் வேண்டாம், சுருங்கும். பட்டு வீட்டில் தண்ணீரைத் தொடக்கூடாது, அதற்கென்று இருக்கும் சலவைக்காரரிடம் கொடுங்கள். முற்காலத்தில் தையலையெல்லாம் பிரித்து, துண்டுகளைத் திரும்ப நீளத் துணியாக இணைத்து, துவைத்து, விறைப்பாக இழுத்து உலர்த்தி, மறுபடி தைப்பார்கள். அராய்-ஹாரி என்ற அந்த வேலையை இன்றும் செய்து தருகிறார்கள். மங்கிய பக்கத்தை உள்ளே திருப்பித் தைக்கவும், யுகியைக் கூட்டவும் அதுதான் சமயம்.

மடிக்க ஒரு நீளமான இடம் வேண்டும். கழுத்து உங்கள் இடப்பக்கமும் விளிம்பு வலப்பக்கமும் இருக்க விரியுங்கள். உங்களுக்கு அருகிலுள்ள பக்கத்தைப் பக்கத் தையலில் மடித்து, முன்பட்டையை அதன் தையலில் உங்களை நோக்கித் திருப்புங்கள். எதிர்ப்பக்கத்து முன்பட்டையையும் கழுத்தையும் அதன்மேல் பொருத்துங்கள். பிறகு எதிர்ப்பக்கத் தையலையே இழுத்து அருகில் உள்ளதோடு சேர்த்தால் முதுகு தன் நடுத்தையலில் தானாக மடியும். ஒரு கை மேலே, ஒரு கை அடியில். உடலை இரண்டாக மடித்தால் தேவையில்லாத மடிப்பு விழாத நீள்சதுரம் கையில் இருக்கும். அதைத் தாத்தோஷி என்ற கெட்டிக் காகிதத்தில் சுற்றி இழுப்பறையில் வையுங்கள். பௌலோனியா மரப்பெட்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஈரம் உறிஞ்சும் பை ஒன்று போதும். வருடத்துக்கு ஒருமுறை, மழையில்லாத வறண்ட நாளாகப் பார்த்து, வெளியே எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள்.